தூங்கற பாப்பா

இல்லம்மா, அதுல உக்காராதீங்க. இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்துடுங்க. அந்த சோஃபா நம்ம கம்பெனி ஐட்டம்தான், சுகமாத்தான் இருக்கும், ஆனா உக்காந்தா அப்படியே உள்ள இழுத்துக்கும். அப்புறம் குழந்தையும் கையுமா உங்களைத் தூக்கி விட ரெண்டு ஆள் வேணும். உள்ளயிருந்து கூப்பிடற நேரத்துல தத்தளிச்சுட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? ஆங், இப்படி. தலையை இந்தப் பக்கம் வெச்சுக்கங்க, ஃபேன் காத்து வரும்.

தூங்கிட்டாளா? தூங்கட்டும், எழுப்பாதீங்க. அழுதா உதடு இன்னும் நீலமாகும், எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சாம். பேனா மையைக் குடிச்சியாடின்னு தெருவுல எல்லாரும் கேப்பாங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க. ஆமாம்மா, எனக்கும் இதே கோளாறுதான். நான் யாருன்னு சொல்லவே இல்ல பாருங்க. கீழ வாசல்ல டெலிவரி வண்டி நிக்குதே, பாத்தீங்களா? ஒரு பக்கம் பூரா ஒரு குழந்தை படம் இருக்குமே, மெத்தையில ஒருக்களிச்சுப் படுத்து, வாயைப் பொளந்துட்டு தூங்குமே? நாந்தான் அது. சிரிக்காதீங்க. எல்லாரும் மொதல்ல வண்டியைப் பாப்பாங்க, அப்புறம் என்னைப் பாப்பாங்க, அப்புறம் நம்ப முடியாம இன்னொரு தடவை வண்டியைப் பாப்பாங்க. முப்பது வயசு தாண்டியாச்சு, ஊருக்குள்ள இன்னும் எனக்குத் தூங்கற பாப்பான்னுதான் பேரு.

கீழ ஷோரூம்ல வேலை எனக்கு. மெத்தை வாங்க வர்றவங்களைப் படுத்துப் பாருங்க சார், புரண்டு பாருங்க மேடம்னு சொல்லிட்டு நிக்கணும். வருஷத்துல ஒருநாள் இந்த மாடிக்கு ஏறி வருவேன், இந்த மாதிரி வர்ற அம்மாங்களோட பேசறதுக்கு. வருஷத்துக்கு ஒரு குழந்தைக்குத்தானே முதலாளி ஆபரேஷன் பண்ணி வெக்கிறாரு. உள்ள போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்துச் சொல்லி, பயத்தைத் தெளிய வெச்சு அனுப்புன்னு எங்கிட்ட விடுவாங்க. பயப்படாதீங்க, இந்த வருஷம் உங்க பாப்பாதான். முடிவாயிடுச்சு. பெரிய முதலாளி கண்ணால ஒரு தடவை பாக்கணும், நீங்க ஒரு கையெழுத்துப் போடணும், ஆஸ்பத்திரிக்கு அவரு போன் பண்ணுவாரு. அவ்ளோதான்.

இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன். இந்த மாடிப்படி கொஞ்சம் செங்குத்து. ஆளைக் கொன்னுடும்.

என்ன கேட்டீங்க? திருப்பிக் குடுக்கணுமாவா? ஐயோ, ஒரு பைசா குடுக்க வேண்டாம்மா. அதுதான் ஸ்பான்சர். கடன்னா அடைச்சுட்டு எழுந்து வந்துடலாம், அப்புறம் எதிர்ல வந்தா அவரு யாரோ நாம யாரோ. இதுல அடைக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதுதான் இதுல இருக்கற சிக்கல்.

பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க. பெரிய முதலாளி தங்கமான மனுஷன். சத்தியமா சொல்றேன். எங்கப்பாவுக்கு அடுப்பு ரிப்பேர் வேலை. முதலாளி வீட்டுல அடுப்பு பத்த மாட்டேங்குதுன்னு போயிருக்காரு, என்னைப் பாத்துக்க அன்னிக்கு ஆள் இல்லாம தோள்ல தூக்கிட்டுப் போயிருக்காரு. முதலாளி என் உதட்டைப் பாத்துட்டு, குழந்தைக்கு என்னன்னு கேட்டாராம். அப்பா சொன்னாராம். அவ்ளோதாங்க. மறுவாரம் ஆஸ்பத்திரி. வால்வு மாத்தினாங்க. ஆபரேஷன் முடியற வரைக்கும் அந்த மனுஷன் வெளிய பெஞ்சுல எங்கப்பா பக்கத்துலயே உக்காந்திருந்தாராம். ஆஸ்பத்திரி கட்டில் கல்லு மாதிரி இருக்குன்னு தன் கடையிலயிருந்து ஒரு மெத்தையை அவரே சுமந்துட்டு வந்து போட்டாரு. அதுல நான் தூங்கினப்போ யாரோ எடுத்த படம்தான் அது. விளம்பரத்துக்குன்னு எடுக்கலம்மா. அழகா இருக்கேன்னு எடுத்தது. பின்னாடி விளம்பரக்காரர் ஒருத்தர் பாத்துட்டு, இதைவிட என்ன வேணும் சார்னு கேட்டாரு. அந்த வருஷம் மெத்தை பறந்துச்சு. அப்புறம்தான் வருஷத்துக்கு ஒரு குழந்தைன்னு ஆச்சு.

அதனாலதான் அவரு மேல எனக்குக் கோவமே வராது. கெட்டவரா இருந்தா எவ்ளோ வசதி! திட்டிட்டுப் போயிருக்கலாம்.

உள்ள போனதும் முதலாளின்னு கூப்பிடாதீங்க. பெரியப்பான்னு கூப்பிடச் சொல்லுவாரு. எல்லாப் பிள்ளைங்களுக்கும் அவரு பெரியப்பா. எனக்கும்தான். எங்கப்பா எதிர்லயே பெரியப்பா பெரியப்பான்னு ஓடுவேன். எங்கப்பா சிரிச்சுட்டே நிப்பாரு. என் ராங்க் கார்டைக்கூட மொதல்ல பெரியப்பாட்ட காட்டிட்டு வான்னுதான் அனுப்புவாரு. கையெழுத்து மட்டும் எங்கப்பா போடுவாரு. ஒருநாள் குடிக்கவே குடிக்காத மனுஷன் எங்கிருந்தோ குடிச்சுட்டு வந்து, பெத்தது நான்தானே அப்படின்னு சுவத்தைப் பாத்துக் கேட்டாரு. காலையில எழுந்ததும் மொத வேலையா முதலாளி வீட்டுக்குப் போய் அடுப்பைத் துடைச்சு வெச்சுட்டு வந்தாரு. அவரு அங்க போய் எதுவும் சொல்லல, ஆனா மனசுல நெனைச்சதுக்கே மன்னிப்புக் கேட்ட மாதிரி.

மெத்தைக் கதை கேளுங்க, சிரிப்பா இருக்கும். வருஷா வருஷம் கம்பெனிக் கூட்டத்துல எனக்கு மேடையில ஒரு மெத்தை குடுப்பாங்க. எங்க வீடு ஒத்தை ரூம். ஒண்ணு, ரெண்டு, அப்புறம் அடுக்க ஆரம்பிச்சோம். நாளாக நாளாக நாங்க மேல போய்ட்டே இருந்தோம். எங்கம்மா ஸ்டூல் போட்டு ஏறிப் படுப்பாங்க, கை நீட்டினா ஃபேன் இடிக்கும். வித்துடலாமேன்னா? எப்படி விப்பீங்க? அவரு குடுத்தது. பக்கத்து வீட்டுக்குத் தரலாமேன்னா, முதலாளி திடீர்னு வந்து, எங்க போச்சு நான் குடுத்த மெத்தைன்னு கேட்டா? ஒரு தடவையும் அவரு வந்து எண்ணினதில்லை. இருந்தாலும் நாங்க அத்தனையும் பத்திரமா வெச்சிருந்தோம். இப்ப எங்கம்மா ஏற முடியாம தரையிலதான் படுக்கறாங்க, பக்கத்துல அப்படியே இருக்கு மெத்தை மேல மெத்தை.

ஸ்கூல்ல? அது வேற கொடுமை. கணக்குல ஃபெயிலானா, அதுக்கா உன்னைப் பொழைக்க வெச்சாங்கன்னு டீச்சர் கேப்பாங்க. ஒருத்தி என் ஜடையைப் பிடிச்சு இழுத்தா, நானும் இழுத்தேன். அவளுக்கு ஒரு அடி. எனக்கு அடி கிடையாது, புத்திமதி. உனக்கு ஒரு நல்லவர் உயிர் குடுத்திருக்காரு, நீ இப்படிக் கையை ஓங்கலாமான்னு. அடியே வாங்கியிருக்கலாம். எதுக்கும் கோவப்படாம, எதுலயும் தோக்காம, எப்பவும் நல்லவளாவே இருந்து பாருங்க, ஒரு வாரம் தாங்க மாட்டீங்க.

இல்ல இல்ல, உங்க பாப்பாவுக்கு அப்படி ஆகும்னு சொல்லல. நடுவுல எத்தனையோ பிள்ளைங்க வந்துட்டுப் போயிருக்காங்க. சில பேரு வேற ஊருக்குப் போய்ட்டாங்க, சில பேரு போன் நம்பரை மாத்திட்டாங்க. அவங்களுக்கெல்லாம் வண்டியில படம் இல்லையே, தப்பிச்சாங்க. ஆனா இப்ப சின்ன முதலாளி, அதான் அவரு மகன், வண்டிக்கெல்லாம் புது பெயிண்ட் அடிக்கப் போறாரு. பழைய படம் மங்கிப் போச்சாம். உங்க பாப்பாவுக்குக் கன்னம் நல்லா உப்பலா இருக்குல்ல? அன்னிக்கு நீங்க குடுத்த போட்டோ பாத்ததுமே, இதுதான்னு சொல்லிட்டாரு. நீங்க போடப்போற கையெழுத்து அதுக்குத்தான். படம் போட்டுக்க சம்மதம், கூட்டத்துக்குக் கூட்டிட்டு வர சம்மதம். மத்தபடி ஒண்ணும் இல்ல.

முகம் ஏன் மாறுது? வேண்டாம்னு சொல்லிடலாமான்னு யோசிக்கறீங்களா? யோசிக்காதீங்க. நானே உங்க கையைப் பிடிச்சுப் போட வெப்பேன். பொழைச்சுக் கிடந்தாத்தானே இந்தக் குறையெல்லாம் சொல்ல முடியும். எங்கப்பா அன்னிக்கு யோசிச்சிருந்தா இன்னிக்கு நான் இப்படி வாய் கிழியப் பேசிட்டு இருப்பேனா? நான் சொல்ல வர்றது வேற.

கூட்டம்னு சொன்னேனே, அது என்னன்னு சொல்லிடறேன், உங்க பாப்பாவும் அடுத்த வருஷம் அங்க நிக்கப் போறவதானே. நம்ம மெத்தை விக்கிற கடைக்காரங்க எல்லாரையும் வருஷத்துக்கு ஒருதடவை ஒரு பெரிய மண்டபத்துல கூட்டுவாங்க. கடைசியில லைட்டெல்லாம் அணைஞ்சிரும். மேடையில ஒரே ஒரு லைட்டு, அதுல நான். ஆஸ்பத்திரியிலயிருந்து வந்த டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சுல வெப்பாரு. அதுக்குள்ள சின்ன மைக் இருக்கும், ஒயர் போய் ஸ்பீக்கர்ல சேரும். மண்டபம் பூரா டொப்பு டொப்பு டொப்புன்னு என் இதயம். நாற்காலியெல்லாம் அதிரும்மா. அப்புறம் பெரிய முதலாளி மைக்கைப் பிடிச்சு, ஒரு தடவை செஞ்சா ஆயுசுக்கும் உத்தரவாதம், அது நம்ம மெத்தையா இருந்தாலும் சரி, நம்ம பொண்ணா இருந்தாலும் சரின்னு சொல்லுவாரு. சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துடும். நடிப்பு இல்ல. அத்தனை வருஷமும் நெஜமா அழுதிருக்காரு.

வயசுப் பொண்ணா இருந்தப்போ ஒரு வருஷம், முன் வரிசையில ஒரு பையன் என்னைப் பாத்து சிரிச்சான். நெஞ்சு பட்டுன்னு வேகமா அடிச்சுது. அது அத்தனையும் ஸ்பீக்கர்ல. மண்டபமே சிரிச்சுது, பாப்பா வெக்கப்படுதுன்னு ஒருத்தர் கத்தினாரு. எனக்கு அங்கயே பூமி பொளந்து உள்ள போயிடணும்போல இருந்துச்சு. வெளிய வந்து ஓன்னு அழுதேன். எங்கம்மா, அழாதடி யாராவது பாத்தா தப்பா நெனைப்பாங்கன்னாங்க.

ஒரு தடவை ஓடிப் பாத்தேன், கேக்கறீங்களா? ஓடறதுன்னா, கண்ணாடிக் கடை ஒண்ணுல வேலைக்கு ஆள் எடுத்தாங்க, மூக்குக் கண்ணாடி. போய் உக்காந்தேன். கடைக்காரர் என்னைப் பாத்தாரு, அட நீ தூங்கற பாப்பாதானேன்னாரு. எனக்குத் தண்ணி குடுத்து உக்கார வெச்சுட்டு, பின்பக்கம் போய் முதலாளிக்குப் போன் போட்டுட்டாரு. உங்க பொண்ணு இங்க வந்திருக்குன்னு. வீட்டை விட்டு வந்த பிள்ளையைப் பிடிச்சுக் குடுக்கற மாதிரி. பெரிய முதலாளியே கார்ல வந்துட்டாரு. திட்டல. அங்க இருந்த கண்ணாடியெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்துட்டே இருந்தாரு. அப்புறம் மெதுவா, நான் என்னம்மா குறை வெச்சேன்னு கேட்டாரு. ஒரு குறையும் வெக்கல. கார்ல ஏறிட்டேன். மறுநாள்லயிருந்து ஷோரூம்ல வேலை. சம்பளம் கண்ணாடிக் கடையைவிட ஜாஸ்திதான்.

கல்யாணமும் அவருதான் பண்ணி வெச்சாரு. பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் வண்டியைப் பாத்துட்டு வந்தவங்க. ஹார்ட்டு ரிப்பேரான பொண்ணுதானேன்னு வாசல்லயே கேப்பாங்க. கடைசியில நம்ம டெலிவரி வண்டி டிரைவரையே பேசி முடிச்சாரு. நல்ல மனுஷன், கை நீட்ட மாட்டாரு, பேச்சுல குசும்பு ஜாஸ்தி. நாள் பூரா உன்னைச் சுமந்துட்டுத் திரியறேன், ராத்திரி வந்தாலும் நீதானான்னு கேப்பாரு. வண்டியைக் கழுவும்போது என் மூஞ்சியை மட்டும் சோப்பு போட்டுத் தனியாத் தேய்ப்பாரு. அவருக்கும் முதலாளின்னா உயிர். வீட்டுல முதலாளியைப் பத்தி நான் ஒரு வார்த்தை முணுமுணுத்தாக்கூட, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு, நன்றி இல்லாம பேசாதேன்னுடுவாரு.

மணி என்ன ஆச்சு? இன்னும் கூப்பிடல. உள்ள சின்ன முதலாளி இருக்காரு போல, குரல் கேக்குது.

சரி, இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. உள்ள போய், குழந்தையைக் காட்டி, எல்லாம் பேசி முடிச்சதும், ஒரே ஒரு கேள்வி கேக்கணும் நீங்க. பெரிய முதலாளியைப் பாத்துக் கேக்கணும், சின்னவரைப் பாக்காதீங்க. பெரியப்பா, இவ வளந்ததுக்கு அப்புறம் மறுபடியும் ஆபரேஷன் பண்ண வேண்டி வந்தா அப்பவும் பாத்துப்பீங்களான்னு. அவ்ளோதான். இங்க பண்ணின எல்லாப் பிள்ளைங்களுக்கும் பாத்துப்பீங்களான்னு கேட்டா இன்னும் நல்லது. அவரு வாயால ஆமான்னு சொல்லிட்டா போதும். சொன்னா சொன்னதுதான், அப்புறம் மகன் என்ன குதிச்சாலும் மாத்த மாட்டாரு.

ஏன் அப்படிக் கேக்கணும்னா... உங்க நல்லதுக்குத்தான். வால்வு சின்னது. குழந்தை வளரும், அது வளராதே. டாக்டர் உங்ககிட்ட சொல்லியிருப்பாரே? சொல்லலையா? சொல்லுவாரு.

கோவிச்சுக்குவாரோன்னா... பெரியவரு கோவிக்க மாட்டாரு. சின்னவரு மூஞ்சி சுளிப்பாரு. இன்னும் மொதலே பண்ணல, அதுக்குள்ள ரெண்டாவதான்னு நெனைப்பாரு. வேற குழந்தையைப் பாத்துக்கலாம்னு சொல்லிடுவாரான்னா, சொல்ல மாட்டாருன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. சொன்னாலும் சொல்லுவாரு. பொய் எதுக்கு.

நானே கேக்கலாமேங்கறீங்களா? ம். கேப்பீங்கன்னு தெரியும்.

நீங்க கேட்டா அம்மா கேக்கறான்னு இருக்கும். நான் கேட்டா எதுக்குக் கேக்கறேன்னு பாப்பாங்க. பாத்தா தெரிஞ்சுரும்.

இந்த வருஷக் கூட்டம் போன மாசம்தான் நடந்துச்சு. அதுக்கு முன்னாடி நாள் ஒத்திகை. மைக்செட்காரர் ஒருத்தர், வருஷா வருஷம் அவருதான் வருவாரு, ரொம்ப நுணுக்கமான ஆளு. ஸ்டெதாஸ்கோப்பை வெச்சதும் காதைத் தீட்டிட்டுக் கேட்டாரு. லைன்ல ஏதோ இரைச்சல் இருக்கேம்மான்னாரு. டொப்புக்கும் டொப்புக்கும் நடுவுல ஒரு உஸ்ஸுன்னு சத்தம், குழாய்ல தண்ணி கசியற மாதிரி. ஒயரை மாத்தினாரு. போகல. மைக்கை மாத்தினாரு. போகல. ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்து ஊதிப் பாத்தாரு, கரண்ட்டு கம்பியை நகத்தி வெச்சாரு. என்னைக் கொஞ்சம் தள்ளி நில்லும்மான்னாரு, நின்னேன். அப்பவும் அதே உஸ்ஸு. பாவம், வேர்த்துப் போச்சு அவருக்கு. என் சாமான்ல இந்த மாதிரி கோளாறு வந்ததே இல்லன்னு என்கிட்டயே மன்னிப்புக் கேட்டாரு.

சின்ன முதலாளிக்கு நேரமாச்சு. போன வருஷம் பதிவு பண்ணினது இருக்குல்ல, அதைப் போட்டுடுங்கன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு.

அப்படித்தான் ஆச்சு. மறுநாள் லைட்டெல்லாம் அணைஞ்சுது. டாக்டருக்குப் பதிலா யாரோ ஒருத்தர் வெள்ளைக் கோட்டு மாட்டிட்டு ஸ்டெதாஸ்கோப்பை சும்மா வெச்சாரு. ஸ்பீக்கர்ல போன வருஷத்து இதயம் அடிச்சுது. நல்லா கணீர்னு. பெரியவரு அழுதாரு, அவருக்கு ஒண்ணும் தெரியாது பாவம். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

அந்த வாரமே நான் தனியா, முகத்தை மூடிட்டு, ஊரைத் தாண்டி வேற ஆஸ்பத்திரிக்குப் போனேன். நம்ம ஆஸ்பத்திரிக்குப் போனா நான் வீடு வர்றதுக்குள்ள முதலாளிக்குப் போன் போயிருக்கும். அந்த டாக்டருக்கு நான் தூங்கற பாப்பான்னு தெரியாது. வால்வு போச்சும்மா, மாத்தியாகணும், தள்ளிப் போடாதீங்கன்னாரு. கூட யாரு வந்திருக்காங்கன்னு கேட்டாரு. வெளிய இருக்காங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இல்லம்மா, வீட்டுல யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் மொத மொதல்ல சொல்றேன். வீட்டுக்காரர்கிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் இந்தக் கதவைத் தள்ளிட்டு வந்து அவரு கால்ல விழுந்துடுவாரு. பெரியவரு பண்ணியும் வெப்பாரு. அதுலதான் எனக்கு பயமே. ஒரு உயிருக்கே இவ்ளோ காலம் நின்னாச்சு. ரெண்டாவது உயிருக்கு நான் எங்க போய் நிப்பேன்? எனக்குன்னு கேட்டா அது தயவு. எல்லாப் பிள்ளைங்களுக்கும்னு அவரு வாயால வந்துட்டா அது முறை. முறைன்னா நானும் மத்தவங்களோட வரிசையில போய் நின்னு வாங்கிக்கலாம், யாரும் என் நெஞ்சுல மைக் வெக்க வேண்டாம். அதுக்குத்தான் ஒரு மாசமா யாராவது ஒரு அம்மா வரட்டும்னு காத்துட்டு இருந்தேன்.

அழாதீங்க. எதுக்கு நீங்க அழறீங்க? பாப்பா முழிச்சுக்கும். எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல, படி ஏறினாத்தான் மூச்சு வாங்குது. பாருங்க, பக்கத்துல வந்தா அந்த உஸ்ஸு உங்களுக்கே கேக்கும் போல.

கதவு திறக்குது. உங்களைத்தான். போங்க, எழுந்திருங்க, பையை நான் பாத்துக்கறேன். தலைமுடியை ஒதுக்கி விடுங்க பாப்பாவுக்கு, கன்னம் தெரியட்டும். தூக்கம் கலையாம அப்படியே தூக்கிட்டுப் போங்க, தூங்கற குழந்தைன்னா பெரியவருக்கு மனசு இளகிடும்.

இங்க பாருங்க. மொதல்ல கையெழுத்துப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டாருன்னு காதால கேளுங்க. அதுக்கு அப்புறம் வாய் வந்தா அந்தக் கேள்வியைக் கேளுங்க. வரலேன்னா விட்டுடுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். எனக்கே வரலையே.